எங்கள் தோணி கேமை மாற்றுத்திறனாளிகளும் விளையாட முதலில் எதைச் செய்ய வேண்டும்?

தோணி_திருமலை:

எல்லோருக்கும் வணக்கம். திருமலையில் (திருகோணமலை) நாங்கள் மூன்று பேர் சேர்ந்து அன்ட்ராய்ட் போனுக்கு ஒரு சின்ன கேம் செய்துகொண்டிருக்கிறோம். மூதூர் ஜெட்டியில் இருந்து தோணியில் வெளிக்கிட்டு, கொட்டியாரக் குடாவைக் கடந்து, வழியில் வலை போட்டு மீன் பிடித்து, துறைமுகப் பக்கம் வந்து சேர வேண்டும், கதை அவ்வளவுதான். கோடொட் 4 என்ற கேம் எஞ்சினில் (கேம் செய்கிற மென்பொருள்) செய்கிறோம் (பழைய 3 இல் தமிழ் எழுத்தின் கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் என்று சிதறி நின்றது, அதனால்தான் மாறினோம்).

இப்போது இருக்கும் விதம் இது: போனைச் சரித்தால் தோணி அந்தப் பக்கம் திரும்பும். வலை இழுக்க ஒரு பட்டனை கெதி கெதியாகத் தட்ட வேண்டும். சிவப்பு மிதவைக்கும் பச்சை மிதவைக்கும் நடுவால் போக வேண்டும், பிழையான பக்கம் போனால் பாறை. கடைசி லெவலில் மாரி மழை, இருட்டு, மின்னல்.

நண்பன் ஒருவனின் தங்கச்சியிடம் விளையாடக் கொடுத்தோம். அவளுக்குப் பிறவியிலேயே ஒரு பக்கம் கையும் காலும் இறுக்கம், போனை மேசையில் வைத்துத்தான் பாவிப்பாள். மேசையில் இருக்கிற போனை எப்படிச் சரிப்பது? முதல் லெவலைத் தாண்டவே இல்லை. அப்போதுதான் யோசித்தோம், கண் தெரியாதவர் ஒருவர் இதைத் திறந்தால் என்ன நடக்கும், காது கேளாதவருக்கு எது தவறிப்போகும் என்று. வெளிநாட்டு ஆட்கள் எழுதிய வழிகாட்டிகளை வாசித்தேன், நல்லாத்தான் இருக்கு, ஆனால் நூறு விஷயம் சொல்கிறார்கள். எங்களிடம் காசு இல்லை, இரண்டு பேர் வேலை முடிந்து வந்துதான் கோட் எழுதுகிறோம். எதை முதலில் செய்ய வேண்டும், எதை விட்டால் பரவாயில்லை? இப்படி விளையாடுகிறவர்கள் யாராவது இங்கே இருந்தால் நேரே சொல்லுங்கள், கோபிக்க மாட்டோம். திருமலைப் பக்கம் யாராவது சோதித்துப் பார்க்க வந்தால் இன்னும் நல்லது.

---

மட்டிக்களி_இடக்கையன்:

தம்பி, எனக்கு வலக்கை முழங்கைக்குக் கீழே இல்லை. பப்ஜி மொபைல் உட்பட எல்லாம் இடக்கையால்தான், சில நேரம் போனை மடியில் வைத்து, சில நேரம் ஸ்டாண்டில் வைத்து. அதனால் எனக்கு எரிச்சல் தருகிற விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

சரிப்பதை எடுத்துவிடச் சொல்லவில்லை, அது சிலருக்கு விருப்பம். ஆனால் அது இல்லாமலும் ஓட்ட ஒரு வழி வேண்டும்: ஸ்கிரீனின் இடது பாதியைத் தொட்டால் இடம், வலது பாதியைத் தொட்டால் வலம், அல்லது சுட்டுவிரலால் இழுக்கிற ஒரு சுக்கான். அதில் பட்டன்களை எந்தப் பக்கம் வைப்பது என்பதை விளையாடுகிறவனே மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும், ஏனென்றால் முக்கால்வாசி கேமில் முக்கியமான பட்டன் எல்லாம் வலப்பக்க மூலையில் கிடக்கும், நான் கையை ஸ்கிரீனுக்கு குறுக்கே கொண்டுபோனால் அந்தக் கையே பாதிக் கடலை மறைத்துவிடும். இரண்டு விரல் ஒரே நேரத்தில் தேவைப்படுகிற இடம் ஒன்றும் இருக்கக்கூடாது.

வலை இழுக்கிற தட்டலைப் பற்றி. அது உங்களுக்குச் சுவாரசியமாக இருக்கும், எனக்கு விரல் மூட்டு நோகும். அழுத்திப் பிடித்தாலே வலை வரும் என்று ஒரு தெரிவு போடுங்கள். பிடித்துக்கொண்டே இருக்கவும் முடியாதவருக்கு, ஒருக்கால் தட்டினால் தொடங்கி இன்னொருக்கால் தட்டினால் நிற்கும் என்று இன்னொன்று. கோடில் இது பெரிய வேலை இல்லை. பட்டன் அளவையும் கவனியுங்கள், அன்ட்ராய்ட்காரர்களே 48 டிபி (அவர்கள் ஸ்கிரீனை அளக்கிற அலகு) என்கிறார்கள், அது ஸ்கிரீனில் கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர். கை நடுங்குகிறவருக்கு அதுவும் சின்னது.

அப்புறம், இந்த செட்டிங்ஸ் எல்லாம் எங்கே வரும் என்பது முக்கியம். முதல் லெவல் முடிந்த பிறகுதான் மெனு திறக்கும் என்றால், அந்தத் தங்கச்சி அந்த மெனுவைக் கண்ணாலும் காணமாட்டாள். 2020 இல் வந்த தி லாஸ்ட் ஒஃப் அஸ் பார்ட் டூ என்ற பிளேஸ்டேஷன் கேமில் இப்படி 60 இற்கு மேற்பட்ட தெரிவுகள் இருக்கு, விளையாட்டு தொடங்க முதலே பார்வை, கேட்டல், கை அசைவு என்று அதிலேயே கேட்டுவிடும். உங்களுக்கு 60 தேவையில்லை. ஐந்தாறு போதும், ஆனால் வாசலில் இருக்க வேண்டும்.

---

வெள்ளைப்பிரம்பு:

எனக்குப் பார்வை முழுதாக இல்லை. போனில் டோக்பேக், கணினியில் என்விடிஏ, இரண்டும் ஸ்கிரீனில் இருப்பதை வாசித்துச் சொல்கிறவை, காசு இல்லாமல் கிடைக்கிறவை. தோணி_திருமலை கேட்ட "திறந்தால் என்ன நடக்கும்" என்பதற்குப் பதில்: ஒன்றும் நடக்காது. கேம் எஞ்சின் மெனுவையும் பட்டனையும் தானே படம்போல வரைகிறது, டோக்பேக்குக்கு அது முழுவதும் பெயரில்லாத ஒரே பெட்டி. மேலே இருந்து கீழே தடவினாலும் ஒரு சொல் வராது. பின்னணியில் கடல் சத்தம் மட்டும் கேட்கும், நான் ஆப்பை அழித்துவிடுவேன்.

ஆகவே கேம் தானே பேச வேண்டும். கோடொட் 4 இல் எழுத்தைப் பேச்சாக்கும் வசதி உள்ளேயே இருக்கு, புரொஜெக்ட் செட்டிங்ஸில் ஓடியோ பகுதியில் அதை இயக்க வேண்டும், இல்லாவிட்டால் வேலை செய்யாது. போனில் தமிழ்க் குரல் இருக்கிறதா என்று முதலில் சோதியுங்கள். கூகுளின் பேச்சுச் சேவையில் தமிழ் இருக்கு, ஆனால் எல்லாப் போனிலும் இறக்கி வைத்திருக்க மாட்டார்கள். மெனுவில் எழுதியிருக்கிற பத்து இருபது சொற்களை உங்களில் ஒருவரே வாசித்துப் பதிவு செய்தாலும் எனக்குச் சந்தோஷம்தான், திருமலைப் பேச்சில் ஒரு கேமை நான் இன்னும் கேட்டதில்லை.

டோக்பேக் இயங்கிக்கொண்டிருக்கும்போது ஒரு விரல் தொடுகையை அதுவே பிடித்துக்கொள்ளும், உங்கள் சுக்கானுக்குப் போகாது. அதனால் கேம் திறந்ததும் முதல் வசனமாக, இரண்டு வொல்யூம் பட்டனையும் சேர்த்து 3 செக்கன் அழுத்தி டோக்பேக்கை நிறுத்துங்கள் என்று சொல்ல வேண்டும். அந்தக் குறுக்குவழியை போனில் முதலே இயக்கி வைத்திருக்க வேண்டும், எங்களில் பெரும்பாலானோர் வைத்திருப்போம்.

சரி, இனி ஓட்டுவது. இதில்தான் உங்கள் கேமுக்கு அதிர்ஷ்டம் இருக்கு, ஏனென்றால் கடலும் தோணியும் சத்தத்தால் செய்யக்கூடிய விஷயம். இடப்பக்க மிதவை இடக்காதில் ஒரு மணி, வலப்பக்கம் வலக்காதில் வேறு மணி. கிட்ட வர வர மணி கெதியாக அடிக்கட்டும். நடுவில் சரியாகப் போகும்போது இரண்டும் ஒரே அளவு கேட்கும், எனக்கு அதுவே பாதை. சத்தத்தின் சுருதியையும் மாற்றுங்கள், இடம் வலம் மட்டும் நம்பினால் ஒரு காது மட்டும் கேட்கிறவர் மோனோவில் (இரண்டு பக்கச் சத்தமும் ஒன்றாக) கேட்கும்போது எல்லாம் கலந்துவிடும். பாறைக்கு அலை மோதுகிற சத்தம், வேறு எதற்கும் அதைப் பாவிக்காதீர்கள். ஒவ்வொரு செக்கனும் "இடது, இடது, வலது" என்று குரல் சொல்ல வைக்க வேண்டாம், தலை வலிக்கும். 2023 இல் வந்த ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட் கார் ரேஸில் கண் தெரியாதவர் ஓட்டுவதற்கென்றே இப்படிச் சத்தக் குறிகள் வைத்தார்கள், திருப்பம் எப்போது வரும், ரோட்டின் விளிம்பு எங்கே, எப்போது பிரேக் என்று. ஒவ்வொரு சத்தத்தையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கலாம். அந்த யோசனையை எடுக்கக் காசு தேவையில்லை.

பார்வை குறைந்தவர்கள் வேறு, என்னைப் போன்றவர்கள் வேறு. அவர்களுக்குப் பின்னணியை மங்கலான ஒரே நிறமாக்கி, தோணியையும் மிதவையையும் மட்டும் அடர்ந்த நிறத்தில் காட்டுகிற ஒரு தெரிவு பெரிய உதவி. எழுத்தைப் பெரிதாக்கவும் விடுங்கள். தமிழ்ச் சொல் நீளம், பெரிதாக்கினால் பட்டனுக்கு வெளியே ஓடும், அதற்கு இடம் விட்டு வரையுங்கள்.

---

கப்பல்துறைப்_பெடியன்:

எல்லாம் நல்ல கதைதான், ஆனால் தட்ட வேண்டாம், சரிக்க வேண்டாம், பார்க்க வேண்டாம் என்றால் பிறகு கேமில் என்ன மிச்சம் இருக்கு மச்சான்? முதலில் கேமை முடியுங்கள். நூறு பேர் இறக்கினால் அதில் இரண்டு பேருக்குத்தான் இது தேவைப்படும்.

---

மட்டிக்களி_இடக்கையன்:

எதையும் எடுக்கச் சொல்லவில்லையே. நீ சரித்து ஓட்டு, கெதியாகத் தட்டு, உனக்கு ஒன்றும் மாறாது. செலஸ்ட் என்று 2018 இல் வந்த ஒரு கேம் இருக்கு, விளையாடிப் பார், கடினம் என்றால் சரியான கடினம். அதிலேயே உதவி முறை என்று ஒன்று இருக்கு, வேகத்தைப் பாதி வரை குறைக்கலாம், களைப்பே வராமல் ஏறலாம், சாகாமலே விளையாடலாம். அதனால் மற்றவர்களுக்கு அந்தக் கேம் இலகுவாகிவிடவில்லை.

பிறகு அந்த இரண்டு பேர் கணக்கு. போன வருஷம் கை முறிந்து மாவுக்கட்டோடு திரிந்தவர்கள், பிள்ளையை ஒரு கையில் வைத்துக்கொண்டு விளையாடுகிற தாய்மார், பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன், இவர்களையும் சேர்த்து எண்ணு. எங்கள் மாவட்டத்தில் போரில் கை கால் போனவர்கள் எத்தனை குடும்பத்தில் இருக்கிறார்கள் என்று உனக்கே தெரியும். கேமை முடித்த பிறகு செய்யலாம் என்பதும் சரிவராது. ஓட்டுகிற முறையை ஒரே ஒரு சென்சரோடு கட்டி முடித்துவிட்டுப் பிறகு பிரிப்பதுதான் கூட வேலை.

---

கப்பல்துறைப்_பெடியன்:

சரி சரி, கோபிக்காதே. ஒன்று மட்டும் நானும் சொல்கிறேன், இது என் பக்கத்து விஷயம். சிவப்பு பச்சை மிதவை என்று எழுதியிருந்தீர்கள், படத்தில் இரண்டையும் ஒரே மாதிரி உருண்டையாக வரைந்திருந்தால் அது கடல் வழக்கப்படியே பிழை. எங்கள் பக்கத்தில் பாவிக்கிற முறையில், துறைமுகத்துக்குள் வரும்போது இடப்பக்கம் சிவப்பு, அது தகரப் பேணி போல உருளை வடிவம், வலப்பக்கம் பச்சை, அது கூம்பு. தூரத்தில் நிறம் தெரியாவிட்டாலும் வடிவம் தெரியும், அதற்காகத்தான் அப்படி. அமெரிக்கா, ஜப்பான் பக்கம் நிறம் மாறி இருக்கும், அதைப் பார்த்து வரைந்துவிடாதீர்கள். சிவப்பும் பச்சையும் பிரித்துப் பார்க்க ஏலாத ஆட்கள் ஆண்களில்தான் கூட, எங்களோடு படித்தவனே ஒருத்தன் இருக்கிறான், கிரிக்கெட்டில் புல்லுக்குள் சிவப்புப் பந்தைத் தேட விட்டால் அவ்வளவுதான். வடிவத்தைச் சரியாக வரைந்தால் அவனுக்கும் விளங்கும், கடல் தெரிந்தவனும் சிரிக்க மாட்டான்.

---

பட்டறை_அண்ணன்:

நான் போன், ரேடியோ திருத்துகிற ஆள். சாமான் பக்கத்தை நான் சொல்கிறேன்.

மைக்ரோசொஃப்ட் 2018 இல் எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கொன்ட்ரோலர் என்று ஒன்று விட்டது. முன்னால் இரண்டு பெரிய பட்டன், பின்னால் வரிசையாக 19 ஜாக், 3.5 மில்லிமீட்டர். அந்த ஜாக்கில் காலால் மிதிக்கிற சுவிட்ச், கன்னத்தால் தள்ளுகிற சுவிட்ச், எதையும் செருகலாம். விட்டபோது விலை 99.99 டொலர், அது பெட்டிக்கு மட்டும், சுவிட்ச் எல்லாம் தனிக் காசு. சோனியும் 2023 கடைசியில் பிளேஸ்டேஷன் 5 க்கு அக்சஸ் கொன்ட்ரோலர் விட்டது, 89.99 டொலர். அனுப்புகிற கூலியும் வரியும் சேர்ந்து திருமலைக்கு வரும்போது விலை என்னவாகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

ஆனால் உங்கள் கேமுக்கு அது தேவையில்லை. ஆர்டுயினோ லியனார்டோ அல்லது புரோ மைக்ரோ என்று ஒரு சின்ன போர்ட் கிடைக்கும், அதில் இருக்கிற 32யூ4 சிப் யூஎஸ்பியில் தன்னைக் கீபோர்ட் என்று சொல்லிக்கொள்ளும். (ஆர்டுயினோவிலேயே ஊனோ என்ற போர்ட்டை வாங்கிவிடாதீர்கள், அது சும்மா செருகினால் கீபோர்டாக வேலை செய்யாது.) 3.5 ஜாக் ஒன்றை அதில் ஈயம் வைத்து ஒட்டி, ஒரு வயர் கிரவுண்டுக்கு, மற்றது ஒரு பின்னுக்கு. சுவிட்ச் அமத்தாதபோது பின்னை நிலையாக வைத்திருக்கிற புல்லப் ரெசிஸ்டர் போர்ட்டுக்குள்ளேயே இருக்கு, வேறு ரெசிஸ்டர் தேவையில்லை. சுவிட்ச் அமத்தினால் ஸ்பேஸ் எழுத்து போகிற மாதிரி பத்து வரி புரோகிராம். ஓடிஜி கேபிளால் (யூஎஸ்பி சாமானைப் போனோடு இணைக்கிற கேபிள்) போனில் செருகினால் வேலை முடிந்தது. சுவிட்சுக்கு வீட்டு கோலிங் பெல் பட்டன் போதும் என்று நினைப்பார்கள், அது கை பெலன் குறைந்தவருக்கு இறுக்கம். பழைய மவுஸைக் கழற்றினால் உள்ளே மைக்ரோ சுவிட்ச் இருக்கும், லேசாகத் தொட்டாலே விழும், அதை ஒரு பிளாஸ்டிக் மூடிக்குக் கீழே வையுங்கள். மூடி மேசையில் வழுக்காமல் அடியில் ரப்பர். பழைய கீபோர்டைக் கழற்றி அதன் போர்ட்டில் வயர் ஒட்டலாம் என்றும் சொல்வார்கள், பலதில் கரி பூசிய புள்ளிதான் இருக்கும், ஈயம் பிடிக்காது, நேரம்தான் வீண்.

இவ்வளவும் செய்தாலும் உங்கள் கேம் கீபோர்டைக் கவனிக்காவிட்டால் பிரயோசனம் இல்லை. கோடொட்டில் இன்புட் மேப் என்று இருக்கிறதே, இடம், வலம், வலை என்று செயலுக்குப் பெயர் வைத்து, தொடுகை, கீபோர்ட், கேம்பாட் எல்லாவற்றையும் அந்தப் பெயரோடு கட்டுங்கள். ஒரே சுவிட்ச்தான் அமத்த முடியும் என்கிறவருக்கு, தோணி தானாகப் போகட்டும், அதன் முன்னால் ஒரு அம்புக்குறி இடமும் வலமும் மெதுவாக அசையட்டும், விருப்பமான பக்கம் வரும்போது அமத்தினால் தோணி அங்கே திரும்பும். அம்பின் வேகத்தை மாற்ற விடுங்கள்.

ஒன்றில் மட்டும் இடக்கையன் தம்பியோடு கொஞ்சம் ஒத்துப்போக மாட்டேன். நேரக் கணக்கு வைத்து வரிசைப்பட்டியல் போட்டால், வேகம் குறைத்து விளையாடினவருக்குத் தனிப்பட்டியல் வேண்டும். தட்டுவதற்குப் பதிலாக அமத்திப் பிடிப்பது வேறு, கடலையே மெதுவாக்குவது வேறு.

---

கிண்ணியா_டீச்சர்:

தம்பிமார், காது கேளாத பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவள் என்ற வகையில் எழுதுகிறேன். வெள்ளைப்பிரம்பு சொன்ன மணிச் சத்தங்கள் நல்லவை, ஆனால் ஒவ்வொரு சத்தம் சேர்க்கும்போதும் அதற்கு ஒரு படக் குறியும் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஒருவருக்குத் திறந்த கதவை மற்றவருக்குப் பூட்டியதாகிவிடும். ஃபோர்ட்நைட்டில் சத்தங்களைக் கண்ணுக்குக் காட்டுகிற தெரிவு ஒன்று இருக்கு, நடுவைச் சுற்றி வட்டமாக, காலடி எந்தப் பக்கம், வெடி எந்தப் பக்கம் என்று சின்னக் குறி வரும். பின்னால் பெரிய போட் வந்தால் ஸ்கிரீனின் கீழ் விளிம்பில் குறி காட்டுங்கள். அதிர்வும் நல்லது, ஆனால் பாறைக்கும் மீனுக்கும் ஒரே அதிர்வு வைத்தால் பிள்ளைகள் குழம்புவார்கள்.

எழுத்து போட்டால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். என் பிள்ளைகளில் பலருக்குச் சைகை மொழிதான் முதல் மொழி, எழுத்துத் தமிழ் பள்ளிக்கூடத்தில் வந்து படிப்பது. நீங்கள் தொடக்கத்தில் அரைப் பக்கத்துக்கு விளக்கம் எழுதினால் அதை வாசிக்க மாட்டார்கள். ஒரு விரல் எப்படி இழுக்கிறது, தோணி எப்படித் திரும்புகிறது என்று படமாகக் காட்டி, உடனே செய்ய விடுங்கள்.

மின்னலைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஜப்பானில் 1997 டிசம்பர் 16 அன்று போக்கிமோன் கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் மாறி மாறி வேகமாக மின்னிய ஒரு காட்சியால் 600 க்கும் மேற்பட்டவர்களை, பெரும்பாலும் பிள்ளைகளை, வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். ஒரு செக்கனுக்கு 3 தடவைக்கு மேல் மின்னக்கூடாது என்பது வலைத்தளங்களுக்கே இருக்கிற அளவு. உங்கள் மாரி மழையில் ஒரு மின்னல், கொஞ்சம் இருட்டு, பிறகு இடி, அப்படி வையுங்கள். முழு ஸ்கிரீனும் வெள்ளையாக வேண்டாம். வலிப்பு வருகிற பிள்ளைகளுக்கு அதையும் நிறுத்த ஒரு பட்டன்.

---

தோணி_திருமலை:

இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு மூன்று பேரும் இருந்து கதைத்தோம். சரிப்பதில் இருந்து ஓட்டுதலைப் பிரித்து, பட்டறை அண்ணன் சொன்ன மாதிரி எல்லாவற்றையும் செயல் பெயருக்குக் கட்டுகிறோம், அதுதான் முதல் வேலை. அதோடு அழுத்திப் பிடித்து வலை இழுப்பது, இடம் வலம் மாற்றுவது. மிதவையைப் பேணியும் கூம்புமாக மாற்றுவது அரை மணி நேர வேலை, அது முடிந்துவிட்டது (உருண்டையாகத்தான் வரைந்திருந்தோம், பெடியன் சொன்னது சரி). மின்னலும் மாறும். செட்டிங்ஸ் முதல் ஸ்கிரீனிலேயே வரும்.

சத்த வழிகாட்டல் அடுத்த கட்டம், அதற்கு உண்மையான மணிச் சத்தம் பதிவு செய்ய வேண்டும். தனிப்பட்டியல் விஷயத்தில் எங்களுக்குள்ளேயே சண்டை, அதனால் இப்போதைக்குப் பட்டியலே இல்லை.

வெள்ளைப்பிரம்பு அண்ணா, டீச்சர், ஒரு சனிக்கிழமை சோதிக்க வர முடியுமா? உவர்மலையில் ஒரு நண்பன் வீட்டில் இடம் இருக்கு.

---

பட்டறை_அண்ணன்:

வீட்டில் படி இருக்கா, வீல்செயார் உள்ளே வருமா என்று பார்த்து எழுது தம்பி. உவர்மலை ஏற்றம் வேறு. சோதிக்க வருகிறவர்களுக்கு ஓட்டோக் காசாவது கொடுங்கள், நீங்கள் சம்பளம் வாங்கிச் செய்யாவிட்டாலும் அவர்கள் செலவழித்து வருகிறார்கள். சுவிட்ச் ஒன்று நான் செய்து தருகிறேன், போர்ட் காசு மட்டும் போதும், அந்தத் தங்கச்சி எந்தக் கையால், எவ்வளவு பெலத்தோடு அமத்துவாள் என்று கேட்டுச் சொல்லு.

---

வெள்ளைப்பிரம்பு:

நான் வருவேன், எனக்குப் படி பிரச்சினை இல்லை, மற்றவர்களுக்குப் பாருங்கள். ஆனால் சத்தம் போடாத கேமை வந்து தடவிப் பார்க்க எனக்கு விருப்பம் இல்லை. முதல் ஸ்கிரீன் மட்டுமாவது பேசுகிற மாதிரி செய்துவிட்டுச் சொல்லுங்கள், முதலில் அதை என் வீட்டிலேயே பார்க்கிறேன். அனுப்பும்போது ஏபிகே (கேமை போனில் ஏற்றுகிற ஃபைல்) எவ்வளவு எம்பி என்று எழுதுங்கள், என் போனில் இடம் மிகக் குறைவு.